மெல்லாதீங்கப்பா!

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறது. வீட்டுக்காரி சொல்லிவிட்டாள், காப்பிக்கடைக் கூட்டாளிகள் சொல்லிவிட்டார்கள், நான் ஓட்டும் ஸ்கூல் வேனில் முன் சீட்டுக்குச் சண்டை போடுகிற இரண்டாம் வகுப்புப் பிள்ளைகூட, "அங்கிள், தூங்கிட்டீங்களா, அழுறீங்களா?" என்று கேட்டுவிட்டாள். தூங்கவில்லை கண்ணு, அழவும் இல்லை. சாக்லெட் சாப்பிடுகிறேன். ஒரே ஒரு துண்டு. பத்து நிமிஷமாக!

நான் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்தால்தான் இந்தப் பத்து நிமிஷத்தின் அருமை புரியும். நாசி லெமாக் பொட்டலத்தை மூன்று நிமிஷத்தில் காலி பண்ணுகிற ஆள் நான். வேனில் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்துப் பள்ளத்தில் எப்போதும் ஒரு பால் சாக்லெட் கிடக்கும். ரெம்பியாவில் பிரித்தால் அலோர் காஜா சிக்னல் வருவதற்குள் வெறும் தாள்தான் மிஞ்சும். ருசி? யாருக்குத் தெரியும்! வாய் மென்றது, தொண்டை விழுங்கியது, அவ்வளவுதான். போன வருஷம் கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்த மிஸ்ஸி, "சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்குது அண்ணே, இன்னும் ஒரு அடி வச்சீங்கன்னா உள்ளே வந்துடுவீங்க" என்றார். நம் நாட்டில் 2019ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிய வந்ததே, அதில் நம்ம இந்தியர்கள்தான் முன்வரிசை. வீட்டுக்கு வந்ததும் சாக்லெட்டைத் தலைமுழுகினேன். இரண்டு வாரம் சோகத்தில் கிடந்தேன். பிறகு திருட்டுத்தனமாகத் தின்ன ஆரம்பித்தேன். இப்படிப் போய்க்கொண்டிருந்தது என் வாழ்க்கை.

அப்போதுதான் அந்தச் சனிக்கிழமை ராத்திரி வந்தது.

மகள் கோலாலம்பூரில் வேலை பார்க்கிறாள். நல்ல மழை, சிம்பாங் அம்பாட் டோல் தாண்டுவதற்குள் அரை மணி நேரம் ஆயிற்று என்று சொல்லிக்கொண்டே வந்து இறங்கினாள். பையிலிருந்து தாள் சுற்றிய ஒரு கட்டியை எடுத்து மேசையில் வைத்தாள். எழுபது சதவீதம் கொக்கோ, பகாங்கில் விளைந்த கொட்டை. விலையைக் கேட்டேன், முப்பது வெள்ளிக்குக் கொஞ்சம் கீழே என்றாள். ஒரு கட்டிக்கு முப்பது வெள்ளியா, அந்தக் காசுக்குப் பாசார் மாலாமில் வீடே வயிறு முட்டச் சாப்பிடலாமே என்று நான் கத்துகிறேன், அவள் அதைக் காதிலேயே வாங்காமல் ஒரு துண்டை உடைத்தாள். டக்! காய்ந்த சுள்ளி முறிகிற சத்தம். "மொதல்ல மூக்கைப் பிடிச்சுக்குங்க. கண்ணை மூடுங்க. நாக்குல வைங்க. மெல்லாதீங்கப்பா!"

இந்த இடத்தில் நீங்களும் என்கூட வாருங்கள். மூக்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்திருக்கிறீர்கள், கண் மூடியிருக்கிறது, கூரைத் தகரத்தில் மழை கொட்டுகிறது, நாக்கில் வழவழப்பாக ஒரு துண்டு. ஒன்றுமே இல்லை. கொஞ்சம் கசப்பு, கொஞ்சம் இனிப்பு, மெழுகுவத்தியை நக்குகிற மாதிரி. இதற்கா முப்பது வெள்ளி என்று பல் தானாக மேலே வருகிறது, "மெல்லாதீங்கன்னேன்ல!" என்று அதட்டல். துண்டின் ஓரம் இளகுகிறது. கொக்கோ வெண்ணெய் உருகுவது 34 டிகிரி பக்கத்தில், நம் வாய்ச்சூடு அதைவிட இரண்டு மூன்று டிகிரி கூட, அதனால்தான் கையில் கட்டியாக நிற்கிற பொருள் வாய்க்குள் போனதும் தன்னைத் தானே விட்டுக்கொடுக்கிறது. நாக்கு முழுக்க ஒரு பட்டுத் துணி விரிகிறது. "இப்ப மூக்கை விடுங்க" என்றாள். விட்டேன். ஐயோ, என்ன சொல்வேன்! அணைக்கட்டின் மதகைத் திறந்த மாதிரி, வாயிலிருந்து தொண்டைப் பின்வாசல் வழியாக மூக்குக்குள் வாசனை பொங்கி ஏறுகிறது, முதலில் வறுத்த கடலை மாதிரி, பிறகு காய்ந்த திராட்சை மாதிரி, பிறகு புளிப்பு, அந்தப் புளிப்புக்குப் பின்னால் ஒரு காடி வாசம், வெதுவெதுப்பான, பழம் நொதித்த, வாழையிலை போட்டு மூடிய ஒரு மரப்பெட்டியின் வாசம், அந்த வாசத்துக்குள் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நிற்கிற என் அம்மா!

நான் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் போய்விடுவாளோ என்று பயம். "அப்பா, என்னாச்சுப்பா?" என்று மகள் கேட்பது எங்கோ தூரத்தில் கேட்கிறது.

1982, 83 இருக்கும். எங்கள் தோட்டத்தில் கிழட்டுப் பால் மரங்களைச் சாய்த்துவிட்டு ஒரு பகுதியில் கொக்கோ போட்டிருந்தார்கள். பால் வெட்டிக்கொண்டிருந்த அம்மாவைக் கொக்கோ வேலைக்கு மாற்றினார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் நாங்கள் பொடிசுகள் லயத்துக்குப் போகாமல் நேராகக் கொக்கோக் காட்டுக்குத்தான் ஓடுவோம். கொக்கோ மரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? நிறைய மரங்கள் கிளை நுனியில் காய்க்கும், இது உடம்பெல்லாம் காய்க்கும். அடிமரத்திலேயே மஞ்சளும் சிவப்புமாகக் காயைக் கொண்டுபோய் ஒட்டவைத்த மாதிரி தொங்கும். பொம்பளைகள் வட்டமாக உட்கார்ந்து பாராங்கத்தியால் ஒரு தட்டு, ஒரு திருப்பு, காய் இரண்டாகப் பிளக்கும், உள்ளே முப்பது நாற்பது கொட்டை, ஒவ்வொன்றுக்கும் வெள்ளைப் பஞ்சு மாதிரி சதை. அந்தச் சதையைச் சப்பியிருக்க வேண்டுமே நீங்கள்! மங்குஸ்தானும் துரியான் பெலாண்டாவும் கல்யாணம் பண்ணிக்கொண்டால் பிறக்கிற பிள்ளை அதுதான். "சப்பிட்டுக் கொட்டையைத் துப்புங்கடா, அது தொரை காசு" என்பாள் அம்மா. சப்பிய கொட்டையைத் திரும்பப் பெட்டியில் போடக்கூடாது என்பது கங்காணி சட்டம். போட்டோம். அந்த வருஷங்களில் லண்டனில் சாக்லெட் தின்றவர்கள் எங்களை மன்னிக்க வேண்டும்.

பெட்டியில் கொட்டி வாழையிலை போட்டு மூடி ஐந்தாறு நாள் வைப்பார்கள். அதுதான் புளிக்கவைப்பது. சதையின் சர்க்கரை முதலில் சாராயமாகும், அப்புறம் காடியாகும், பெட்டிக்குள் சூடு 45, 50 டிகிரிக்கு ஏறும், அந்தச் சூட்டிலும் புளிப்பிலும் கொட்டைக்குள் இருக்கிற முளை செத்து, சாக்லெட் ருசிக்கு வித்து விழும். புளிக்காத கொட்டையை எத்தனை வறுத்தாலும் சாக்லெட் வாசம் வராது. நாங்கள் இதெல்லாம் தெரியாமல் மழை நாளில் பெட்டிக்குள் கையை விட்டுக் குளிர் காய்ந்தோம்! அம்மா கொட்டையைக் கிளறிப் போட்டுவிட்டு வந்து என் கன்னத்தைக் கிள்ளுவாள், கையெல்லாம் காடி நாறும், "போ அந்தாண்ட" என்று தள்ளிவிடுவேன். சம்பளம் போட்ட நாளில் தவுக்கே கடையில் இருபது காசுக்குச் சாக்லெட் வாங்கித் தருவாள். இந்தக் கொட்டைதான் அந்தச் சாக்லெட் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். நாற்பது வருஷம் கழித்து, மழைச் சத்தத்துக்கு நடுவில், ஒரு துண்டை மெல்லாமல் விட்டதால்தான் அந்த இரண்டுக்கும் நடுவில் முடிச்சு விழுந்தது. எத்தனை ஆயிரம் துண்டு மென்று தள்ளியிருப்பேன், ஒன்றிலாவது அவள் இருந்திருக்க மாட்டாளா!

அடுத்த நாள் காலையிலிருந்து நான் வேறு ஆள். மகளின் கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டு கொக்கோவைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தவன் மதியம் வரை பசியாறவில்லை. கேளுங்கள் இந்தக் கூத்தை: மலேசியாவில் கொக்கோ முதன்முதலாகப் பயிரானதாகச் சொல்லப்படுவதே நம்ம மலாக்காவில்தான், 1778இல், டச்சுக்காரன் காலத்தில்! மலாக்கா டவுனில் ஜாலான் துக்காங் எமாஸில் நம் செட்டி மக்கள் பொய்யாத விநாயகர் கோயிலைக் கட்டியது 1781. ஆக, பிள்ளையார் வந்து உட்காருவதற்கு மூன்று வருஷம் முன்னாலேயே கொக்கோ இங்கே வந்து உட்கார்ந்துவிட்டது. அப்போது உலகத்தில் கொக்கோ பெரும்பாலும் குடிக்கத்தான். இங்கிலாந்தில் ஃப்ரை கம்பெனி கடித்துத் தின்கிற கட்டியைச் செய்தது 1847இல்தான். ரப்பர்கூடக் கொக்கோவுக்குச் சின்னத் தம்பி. டான் சாய் யான் மலாக்காவில் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் போட்டது 1896. எங்கள் தோட்டத்தில் ரப்பரை வெட்டிவிட்டுக் கொக்கோ போட்டபோது புதுப் பயிர் என்றார்கள், பழையவன்தான் வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறான்!

1990 வாக்கில் இந்த நாடு வருஷத்துக்கு இரண்டரை லட்சம் டன்னை நெருங்கியது. பிறகு விலை விழுந்தது. 1980இல் சபாவில் தலைகாட்டிய காய்த்துளைப்பான் புழு தீபகற்பத்துக்கும் வந்து காய்க்குள் குடியேறியது. தோட்டக்காரர்கள் எல்லாவற்றையும் சாய்த்துச் செம்பனை போட்டார்கள். இன்றைக்கு வருஷத்துக்கு ஆயிரம் டன்னுக்கும் கீழே. அந்தக் கதையைப் பேச ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வரும், விட்டுவிடுவோம்.

இப்போது உடம்புக்கு வருவோம், ஏனென்றால் வீட்டுக்காரி கேட்ட முதல் கேள்வியே "சர்க்கரைக்காரன் சாக்லெட் தின்னலாமா?" என்பதுதான். தின்னலாமடி, கேள்! கொக்கோவில் ஃபிளவனால் என்றொரு சத்து இருக்கிறது. அது ரத்தக் குழாயின் உள்சுவரைத் தட்டி நைட்ரிக் ஆக்சைடை வரவழைக்கிறது, குழாய் இறுக்கம் விட்டு விரிகிறது, ரத்தம் சுகமாக ஓடுகிறது. பனாமா நாட்டுத் தீவுகளில் குனா என்ற பழங்குடிகள் நாள் முழுக்கக் கொக்கோ தண்ணீர் குடிக்கிறவர்கள். வயதானாலும் அவர்களுக்கு ரத்த அழுத்தம் ஏறவில்லை என்பதையும், நகரத்துக்குக் குடிபெயர்ந்தவர்களுக்கு ஏறிவிட்டது என்பதையும் ஹார்வர்டின் நார்மன் ஹாலன்பர்க் போய்ப் பார்த்து எழுதினார். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012இல் ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் கொக்கோ ஃபிளவனால் ரத்தக் குழாயின் நெகிழ்ச்சிக்கு உதவும் என்று ஒப்புக்கொண்டது. அதற்கு எவ்வளவு சாக்லெட் வேண்டும் தெரியுமா? ஃபிளவனால் நிறைந்த கறுப்புச் சாக்லெட் என்றால் பத்து கிராம். பத்தே கிராம்! என் ஒரு துண்டு! இதைப் படித்தபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்து கைதட்டினேன், பக்கத்து வீட்டில் பூனை ஓடியது.

சரி, நியாயமாகக் கொஞ்சம் குறையும் சொல்லத்தான் வேண்டும், மகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். 2017இல் 35 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் குழு, ரத்த அழுத்தம் குறைகிறது, ஆனால் இரண்டு புள்ளிக்கும் சற்றுக் குறைவாகத்தான் என்றது. 2022இல் வந்த பெரிய அமெரிக்க ஆய்வில் 21,442 முதியவர்களுக்குக் கொக்கோச் சத்து மாத்திரையையோ வெறும் மாத்திரையையோ கொடுத்துப் பார்த்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் உறுதியாகச் சொல்கிற அளவு வித்தியாசம் இல்லை. இதய நோயால் செத்தவர்கள் மட்டும் கொக்கோக்காரர்களில் 27 சதவீதம் குறைவு. நான் அந்த 27ஐப் பிடித்துக்கொள்கிறேன், நீங்கள் முதல் பாதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பால் சாக்லெட்டில் இந்தச் சத்து சொற்பம், காரம் சேர்த்துக் கறுக்கவைத்த கொக்கோத் தூளில் பெரும்பகுதி போய்விடும், அதனால் டின் தூளைக் கலக்கிக் குடிக்கிற பானத்தை இதோடு சேர்க்க வேண்டாம். எழுபது சதவீதத் துண்டு ஒன்றில் சர்க்கரை மூன்று கிராம்தான். நம் தே தாரேக் ஒரு கிளாஸில் அதைப் போலப் பல மடங்கு இருக்கிறது, அதை நாளைக்கு நாலு குடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சாக்லெட் தின்னாதே என்கிறீர்களே!

ஆனால் என்னைக் கேட்டால் சத்தைவிடப் பெரிய மருந்து அந்த 'மெல்லாதே'தான். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்து மருத்துவமனையில் 1979இல் ஜான் கபாட்-ஜின் என்பவர் ஆரம்பித்த வகுப்பில் ஒரே ஒரு காய்ந்த திராட்சையைக் கையில் கொடுத்து, பார், தடவு, மோந்து பார், மெதுவாகத் தின் என்று பாடமே நடத்துவார்களாம். வெள்ளைக்காரன் திராட்சையில் கண்டுபிடித்ததை நம் கிழவிகள் 'நொறுங்கத் தின்றால் நூறு வயது' என்று அடுப்படியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், நாம்தான் நொறுக்காமல் விழுங்கினோம். மெல்வதோ மெல்லாததோ, அவசரப்படாதே என்பதுதான் பாடம். வயிறு நிறைந்தது என்ற சேதி மூளைக்குப் போய்ச் சேர இருபது நிமிஷம் ஆகுமாம். மூன்று நிமிஷத்தில் நாசி லெமாக் முடிக்கிறவனுக்கு அந்தச் சேதி எப்போது வரும், இரண்டாவது பொட்டலம் முடிந்தபிறகு! இப்போது துண்டு கரைந்து முடிந்ததும் வாயில் இன்னும் கால் மணி நேரம் வாசம் நிற்கிறது, அது போகிறவரை வேறு எதையும் வாயில் போட மனசு வரவில்லை. ஐஸ் காப்பியா, வேண்டாம். தே தாரேக்கா, வேண்டாம். பிஸ்கட்டா, வேண்டாம். மூன்று மாதத்தில் நாலு கிலோ இறங்கிவிட்டேன். மிஸ்ஸி தராசைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சாக்லெட்டாலயா, தே தாரேக்கை விட்டதாலயா அண்ணே?" என்று கேட்டார். இரண்டும் ஒன்றுதான் மிஸ்ஸி!

காப்பிக்கடையில் என் பிரசாரம் பெரும் தோல்வி. சின்ன ஐஸ் பெட்டியில் வைத்துப் பொத்திப் பொத்திக் கொண்டுபோனேன், ஏனென்றால் மத்தியான வேனுக்குள் அது சாக்லெட்டாக இருக்காது, குழம்பாகிவிடும். ஆறு பேர், ஆறு துண்டு. "கண்ணை மூடு மாமா, மூக்கைப் பிடி" என்றேன். ஒருவர் மென்று விழுங்கிவிட்டு "அடுத்தது?" என்றார். ஒருவருக்குப் பல் செட்டில் ஒட்டிக்கொண்டது. ஒருவர் மூக்கை விடவே மறந்துபோய் முகம் சிவந்து இருமினார். தவுக்கே மட்டும் கல்லாவில் உட்கார்ந்தபடி கண்ணை மூடினார், மூடியவர் திறக்கவே இல்லை, வாடிக்கையாளர் காசை நீட்டிக்கொண்டு நிற்கிறார், இவர் திறக்கவில்லை, நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்க்கிறேன், எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது, கடைசியில் கண்ணைத் திறந்து, "என் அப்பா கடையில் சாக்குல இந்தக் கொட்டை வாங்கிப் போட்டிருப்பார்" என்றார் மலாயில். நான் மேசையைத் தட்டிய தட்டில் இரண்டு கிளாஸ் கவிழ்ந்தது. காசு கொடுத்தேன்.

போன மாதம் பழைய தோட்டத்துக்கும் போய்வந்தேன். லயம் இல்லை, எல்லாம் செம்பனை. ஆனால் கோயிலுக்குப் பின்னால் கால்வாய் ஓரத்தில், சத்தியமாகச் சொல்கிறேன், ஒற்றைக் கொக்கோ மரம்! பாசி பிடித்து, சாய்ந்து, யாரும் கவனிக்காமல். அடிமரத்தில் ஆறு காய், நாலை அணில் குடைந்திருந்தது. மிச்ச இரண்டில் ஒன்றைப் பறித்துக் கல்லில் தட்டி உடைத்து, 53 வயதில், வெள்ளைச் சட்டையோடு, தரையில் உட்கார்ந்து சப்பினேன். எறும்பு கடித்தது, சதை சட்டையில் வழிந்தது, அப்பா, அதே ருசி! பழக்கதோஷத்தில் கொட்டையைத் துப்பாமல் கையில் சேர்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன், முப்பத்தாறு கொட்டை. ஈரமாகவே ஒரு துண்டு வாழையிலையில் பொதிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பத்தைப் பையில் மண் போட்டு ஊன்றினேன். ஏழு முளைத்திருக்கிறது.

கன்று வேண்டுமென்றால் சொல்லுங்கள், இரண்டு தரலாம். அலோர் காஜா பக்கம் வந்தால் ஒரு துண்டு சாக்லெட்டும் உண்டு, இப்போதே அழைக்கிறேன். ஆனால் என் வீட்டில் மெல்லுகிறவர்களுக்கு இரண்டாவது துண்டு கிடையாது.